பல் மருத்துவருக்குச் சட்டம் உண்டு, பல் பரிசோதனைக்கு?

புது தில்லி: மணிப்பூர் விவகாரத்தால் அவை நடவடிக்கைகள் அமளியில் மூழ்கியிருந்த 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில், ஜூலை 28-ம் தேதி மக்களவையில் இரண்டு மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேறின. ஒன்று செவிலியர் பணி தொடர்பானது. மற்றொன்று தேசிய பல் மருத்துவ ஆணைய மசோதா. ஆகஸ்ட் 8-ம் தேதி மாநிலங்களவையும் இதற்கு ஒப்புதல் அளித்தது. 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட இந்தச் சட்டத்தைக் கூர்ந்து கவனித்தவர்கள் பெரும்பாலும் பல் மருத்துவக் கல்லூரி நடத்துவோரும், மாணவர்களும், மருத்துவர் சங்கத்தினருமே.

இதில் வியப்பில்லை. சட்டம் பேசுவதும் அவர்களைப் பற்றித்தான். பல் மருத்துவக் கல்விக்கு ஒரு வாரியம், கல்லூரிகளை மதிப்பிட ஒரு வாரியம், நெறிமுறைக்கும் பதிவுக்கும் ஒரு வாரியம், படிப்பை முடிப்போருக்குத் தேசிய அளவில் ஒரு வெளியேறும் தேர்வு, தனியார் கல்லூரிகளின் பாதி இடங்களுக்குக் கட்டண வழிகாட்டுதல் எனப் பல சீர்திருத்தங்கள் இதில் உள்ளன. யார் பல் மருத்துவர் ஆகலாம் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. சாதாரணக் குடிமகனின் வாயைக் குறித்த இடைவெளியில் யார் பரிசோதிப்பது என்பதற்கு விடை இல்லை.

பொறுப்பு யாருக்கு?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மருத்துவக் கல்வியும் மருத்துவத் தொழிலும் பொதுப் பட்டியலில் உள்ளன. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எனவே பல் மருத்துவரை உருவாக்கும் அதிகாரத்தைத் தில்லி சட்டத்தின் மூலம் செலுத்துகிறது. அந்த மருத்துவரை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு மாநிலங்களிடம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான பாலம்தான் 2014-15-ல் தொடங்கப்பட்ட தேசிய வாய்நலத் திட்டம். மாவட்ட மருத்துவமனைகளிலும் அதற்குக் கீழுள்ள மருத்துவமனைகளிலும் பல் சிகிச்சைப் பிரிவு அமைக்கவும், ஒப்பந்த அடிப்படையில் பல் மருத்துவரையும் உதவியாளர்களையும் நியமிக்கவும் இத்திட்டம் நிதியுதவி அளிக்கிறது. மாநிலங்கள் தேசிய சுகாதார இயக்கத்தின் ஆண்டுத் திட்டத்தில் கேட்டால்தான் இந்த உதவி கிடைக்கும். கேட்காத மாநிலத்தைக் கேள்வி கேட்க யாரும் இல்லை.

நாட்டில் இன்று 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பதிவுபெற்ற பல் மருத்துவர்களின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கும் அதிகம். ஆகவே, மருத்துவர் பற்றாக்குறை என்ற வழக்கமான காரணத்தை இங்கே கூற இயலாது. நகர வீதிகளில் தனியார் பல் மருத்துவமனைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. கிராமத்தில் பல்வலி வந்தவர் வலி மாத்திரையுடன் நாள்களைக் கடத்தி, இறுதியில் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் பேருந்து ஏறுகிறார்.

2002-03-ம் ஆண்டுகளில் இந்திய பல் மருத்துவக் குழு நடத்திய தேசிய ஆய்வு, 12 வயதுக் குழந்தைகளில் 53.8 சதவீதத்தினருக்கும், 35 முதல் 44 வயதுக்கு உட்பட்டோரில் 80.2 சதவீதத்தினருக்கும் பற்சிதைவு இருப்பதாகத் தெரிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் விவாதங்களில் இந்த எண்களே மேற்கோள் காட்டப்படுகின்றன.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்

பல் சொத்தையால் யாரும் சாவதில்லை என்ற எண்ணமே இந்த அலட்சியத்தின் வேர். வாய்ப் பரிசோதனை பற்களோடு முடிவதல்ல. ஈறு நோய் நீரிழிவைக் கடுமையாக்குகிறது. நீரிழிவு ஈறு நோயை மோசமாக்குகிறது. 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்ட நாட்டில் இது சிறிய விஷயமன்று.

அதைவிடப் பெரியது வாய்ப்புற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உதடு மற்றும் வாய்ப்பகுதிப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் இறக்கின்றனர். 2016-17-ம் ஆண்டு புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் மென்று சுவைப்பவர்கள்.

இந்தப் புற்றுநோய்க்கு ஒரு தனித்தன்மை உண்டு. உடலுக்குள் மறைந்து வளரும் நோயல்ல இது. வாயைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தாலே வெள்ளைத் திட்டாகவோ, சிவப்புத் திட்டாகவோ, ஆறாத புண்ணாகவோ பல வேளைகளில் முன்கூட்டியே கண்ணில் படும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வு இதை உலகுக்கு நிரூபித்தது. 35 வயதைக் கடந்த ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை செய்யப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. பரிசோதிக்கப்பட்ட பிரிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவு தெரிவித்தது. பரிசோதனை செய்தவர்கள் பல் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். தேவைப்பட்டதெல்லாம் வெளிச்சமும், பயிற்சி பெற்ற கண்ணும், மீண்டும் மூன்றாண்டுகளில் அதே வீட்டுக்கு வரும் ஒழுங்கும்தான்.

காகிதத்தில் உள்ளது

அரசு இதை அறியாமல் இல்லை. 30 வயதைக் கடந்தோருக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுடன் மூவகைப் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்ய மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் செயல்திட்டம் வகுத்தது. வாய்ப் பரிசோதனை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை என்பது அதில் உள்ள விதி. வீடு தேடி வரும் ஆஷா பணியாளரின் படிவத்தில் ஆறாத வாய்ப்புண் உண்டா, வாயைத் திறக்கச் சிரமமா என்ற கேள்விகள் உள்ளன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களில் வழங்க வேண்டிய 12 வகைச் சேவைகளில் அடிப்படை வாய்நலமும் ஒன்று. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். பற்களும் அதில் அடங்கும்.

நடைமுறை என்ன? 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுக்கு உட்பட்டோரில், வாய்ப்புற்றுக்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். கொரோனா காலத்தின் பாதிப்பைக் கழித்துப் பார்த்தாலும், நூறில் ஒருவர் என்ற கணக்கு எந்த அரசும் பெருமைப்படக் கூடியதன்று.

பணம் போகும் பாதையும் தலைகீழாக இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. வாய்ப்புற்று அறுவைச் சிகிச்சையும் அதில் அடங்கும். அந்தப் புற்று வெறும் திட்டாக இருந்தபோது கண்டுபிடித்திருக்கக் கூடிய புறநோயாளிப் பரிசோதனைக்கு அத்திட்டத்தில் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் உள்ள சுகாதாரத் திட்டத்தின் கட்டணப் பட்டியலில் பல் சிகிச்சைகள் இடம்பெற்றுள்ளன என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பற்பசை, பல் துலக்கி ஆகியவற்றின் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால், பற்பசை பரிசோதனைக்கு மாற்றாகாது.

எதிர்வாதமும் உண்டு

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அனைவரும் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது நடுத்தர வர்க்கத்தின் அறிவுரை. 140 கோடி மக்களுக்கு அது சாத்தியமா என்று அதிகாரிகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிரிட்டன் 2004-லேயே அந்த ஆறு மாத வழக்கத்தைக் கைவிட்டு, நோய் அபாயத்தைப் பொறுத்துப் பெரியவர்களுக்கு 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி என வழிகாட்டியது. 2020-ல் அங்கே வெளியான ஆய்வும், அபாயத்தைக் கணித்து நிர்ணயிக்கும் இடைவெளியால் ஈறு நலம் குறைவதில்லை என்றே கூறியது. அதாவது, எல்லோருக்கும் ஒரே கால அளவு தேவையில்லை. மென்புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கும், நீரிழிவு நோயாளிக்கும், பள்ளிக் குழந்தைக்கும் முன்னுரிமை தந்தால் போதும். இது செலவைக் குறைக்கும் வழியே தவிர, செய்யாமல் இருப்பதற்கான சாக்கு அல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் பொருந்தும். திட்டைக் கண்டறிந்துவிட்டு, திசுப் பரிசோதனைக்கு 100 கிலோமீட்டர் போகச் சொன்னால் பரிசோதனை பயனற்றது. எனவே கிராமத்துப் பணியாளர் முதல் மாவட்ட மருத்துவமனை வரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும்.

சுகாதார அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் விவாதமின்றியே நிறைவேறிவிடுகிறது. விவாதத்துக்கு வாய்ப்பில்லாதபோதும் கேள்வி நேரம் இருக்கிறது. தமது தொகுதியில் 30 வயதைக் கடந்தோரில் எத்தனை பேரின் வாய் பரிசோதிக்கப்பட்டது, மாவட்ட மருத்துவமனையின் பல் நாற்காலிக்கு மருத்துவர் நியமிக்கப்பட்டாரா, சந்தேகத்துக்குரியவர்கள் எனக் குறிக்கப்பட்டோரில் எத்தனை பேர் சிகிச்சையை எட்டினர் என்ற மூன்று கேள்விகளை உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்கலாம். 2030-க்குள் உலக மக்களில் 80 சதவீதத்தினருக்கு அடிப்படை வாய்நலச் சேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அந்த ஆண்டு வெகு தொலைவில் இல்லை. பல் மருத்துவருக்குச் சட்டம் இயற்ற மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் தலா ஒரு நாள் போதுமானதாக இருந்தது. மக்களின் வாயைப் பார்க்க வைப்பதற்கு உறுப்பினர்கள் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் விடாமல் கேட்க வேண்டியிருக்கும்.