கம்பெனி பார்ட்ஸ்தான் வேண்டுமா?

மாவு விற்கும் மளிகைக் கடையில் கிரைண்டர் நின்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. கம்பெனி ஆள் வரும்வரை காத்திருந்து, அவர் சொல்லும் விலைக்கே பேரிங்கை மாற்றுகிறோம். உத்தரவாதக் காலம் முடிந்த இயந்திரத்துக்கு இது வீண்செலவு என்பதே நம் கருத்து. பெரும்பாலான கிரைண்டர் கம்பெனிகளும் பேரிங்கை வெளியே வாங்கித்தான் மாட்டுகின்றன! 6204 என்று பொறித்திருந்தால், யார் தயாரித்தாலும் உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர்தான். தண்ணீர் படும் இடமாதலால் இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். வி-பெல்ட்டுக்கும் முதுகில் எண் உண்டு. பழையதைக் கையோடு பேரிங் கடைக்குக் கொண்டு போங்கள்.

டிபன் கடையும் நடத்துவோர் காஸ் ரெகுலேட்டர், டியூப் இரண்டிலும் மட்டும் இந்தச் சிக்கனம் பார்க்கலாகாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள்.