டாங்கி ஒழுகுதா? வீட்டுக்குள் வேண்டாம்!

விடியற்காலை பெரட்டுக்குப் போக மோட்டாரை வெளியே தள்ளுகிறோம். இரவு நிறுத்தியிருந்த இடத்தில் சிமெண்டுத் தரை ஈரமாக இருக்கிறது. குனிந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. "நேத்துக்கூட நல்லாத்தானே இருந்துச்சு!" என்று சொல்லிக்கொண்டே டாங்கியில் ஒரு கந்தலைச் சுற்றிவிட்டுக் கிளம்பி விடுகிறோம். சாயங்காலம் ஒரு துண்டு சவுக்காரத்தைத் தேய்த்து ஓட்டையை அடைக்கிறோம். அதோடு மறந்தும் போகிறோம். இது நடக்காத லயம் உண்டா?

யாரையும் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை. தோட்டத்து மனிதனுக்கு மோட்டார் ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போவதும் அதுதான். டவுனிலிருந்து அரிசி மூட்டை வருவதும் அதில்தான். அது நின்றால் அன்றைய வேலையும் நின்றது. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. அதில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது என்ன என்று நம் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆகவே நம் கையாலேயே பழுது பார்ப்பதில் வெட்கமில்லை. அது நல்ல பழக்கம். ஆனால் எதை நாம் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்ற எல்லை தெரிந்திருக்க வேண்டும். நம் கவலை அதைப் பற்றித்தான்.

முதலில், ஒழுகுவது டாங்கிதானா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கலாம். திறப்புக் குழாயின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். கார்புரேட்டரில் மிதவை ஊசி சரியாக மூடாமல் உபரிக் குழாய் வழியே சொட்டலாம். இவையெல்லாம் சில்லறைச் செலவில் தீரும் வேலைகள். காய்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே பூக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

டாங்கியே ஓட்டை என்றால், துரு உள்ளேயிருந்து தின்றிருக்கும். மழையில் மூடி வழியே இறங்கும் தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அது அடியில் தங்கித் தகரத்தை அரிக்கும். உர மூட்டை ஏற்றுகிற மோட்டாருக்கு வெளியிலிருந்தும் அரிப்பு உண்டு. உரத்தின் உப்பு இரும்புக்கு எதிரி.

ஊசிமுனை ஓட்டையாக இருந்தால் நாமே அடைக்கலாம். டாங்கியைக் கழற்றிக் காலி செய்து, திறந்த வெளியில் நன்றாக ஆறவிட வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் கொண்டு கையால் தேய்த்து, வெறும் தகரம் தெரியும்படி சுத்தம் செய்ய வேண்டும். மின்சார அரவை வேண்டாம்; அதில் பொறி பறக்கும். பிறகு, பெட்ரோல் டாங்கிக்கு உகந்தது என்று உறையில் போட்டிருக்கும் இரட்டைப் பசையைப் பிசைந்து பூசி, ஒரு முழு நாள் காயவிட வேண்டும். சவுக்காரம் கடைவரை போய்ச் சேருவதற்குத்தான் உதவும். அதை மருந்து என்று நம்பக்கூடாது. விரலால் அழுத்தினால் தகரம் உள்ளே போகிறதா? அந்த டாங்கி முடிந்தது. பழைய சாமான் கடையில் வேறொன்று தேடுவதே வழி. பெட்ரோலைப் பம்பு வைத்துத் தள்ளுகிற புது ரக மோட்டாராக இருந்தால் கடைக்காரரிடமே விடுங்கள்.

இனி, தொடக்கூடாதவை. பெரிய ஆபத்து, வீட்டில் வெல்டிங் வைப்பது. "டாங்கியைக் காலி பண்ணிட்டேன் அண்ணே, ஒண்ணும் ஆகாது" என்பார்கள். காலி டாங்கிதான் நிறைந்த டாங்கியைவிட மோசம். எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காலி டாங்கியில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் குண்டுபோல் வெடிக்கும். தண்ணீர் ஊற்றி அலசிவிட்டால் போதும் என்பதும் தப்பு. அந்த வேலை அதற்கென்று முறை தெரிந்த பட்டறைக்கே உரியது.

அடுத்தது, ஒழுகும் மோட்டாரை வீட்டுக்குள் வைப்பது. திருட்டுக்குப் பயந்து முன்கூடத்தில் நிறுத்துகிறோம். பக்கத்திலேயே பாய் போட்டுப் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. தரையோடு ஊர்ந்து சமையலறை அடுப்புவரை, சாமி விளக்குவரை, கொசுவர்த்திவரை போகும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். அவ்வளவும் பிள்ளைகள் படுத்திருக்கும் தரையில்!

வடித்த பெட்ரோலைக் கலர் தண்ணீர் போத்தலில் ஊற்றி மூலையில் வைக்காதீர்கள். தாகத்தில் வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. வாயால் உறிஞ்சி இறக்குவதையும் விட்டுவிடுங்கள். தப்பித் தவறி உள்ளே போனால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும். சிறு தீயை மணல் போட்டு அடக்கலாம். அடங்காவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999-ஐ அழையுங்கள்.

நிறைவாக ஒன்று. நம் பிள்ளைகளில் தொழிற்பயிற்சி முடித்தவர்கள், மோட்டார் கடையில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் அவர்களை உட்காரவைத்து, லயத்து மோட்டார்களை வரிசையாகப் பார்க்கச் சொன்னால் என்ன? கூலியாக ஆளுக்கு இரண்டு வெள்ளி கொடுத்தாலும் அவர்களுக்கும் ஊக்கம்தானே. ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தீயணைப்புக் கருவி வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்கவும் நாம் தயங்கக்கூடாது. திருவிழாவுக்கு ஒன்றுகூடத் தெரிந்த நமக்கு இதற்கும் ஒன்றுகூடத் தெரியாதா?

இன்று இரவு படுக்கும் முன் மோட்டாருக்கு அடியில் ஒரு பழைய தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஈரமோ கறையோ இருந்தால், முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் என்றால், சரிசெய்யும் வரை மோட்டார் வெளியில்தான் தூங்க வேண்டும். வேண்டுமானால் இரண்டு பூட்டாகப் போடுங்கள். மோட்டார் போனால் இன்னொன்று வாங்கலாம்!