தோற்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகக் கூடும் டீக்கடை ஒன்று உண்டு. நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் கிரிக்கெட்டில்தான் வந்து நிற்கும். சச்சினா கோலியா, தோனியா ரோஹித்தா என்று டீ ஆறும்வரை சண்டை நடக்கும். போன மாதம் பேச்சு 'வீணாப்போனவர்கள்' பக்கம் திரும்பியது. முதல் பெயர் வினோத் காம்ப்ளி. "திறமை மட்டும் இருந்து என்ன மாப்ள, தக்கவச்சுக்கத் தெரியணும்ல" என்றான் நண்பன். எல்லோரும் தலையாட்டினார்கள். பத்து வருடத்துக்கு முன்பாக இருந்தால் நானும் ஆட்டியிருப்பேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். காம்ப்ளி 17 டெஸ்ட் ஆடினார். 1084 ரன், சராசரி 54.20. 1993-இல் அடுத்தடுத்து இரண்டு இரட்டைச் சதம். 14 இன்னிங்ஸில் ஆயிரம் ரன்னைத் தொட்டார். பிறகு வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்துக்கு முன் தடுமாறினார், உண்மைதான். 1995-இல் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 23. அவருடைய சாதியைப் பற்றி ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். அதையும் அவருடைய தனிவாழ்க்கையையும் நான் இங்கே அலசப்போவதில்லை. மும்பையில் ஒரு சாலில் வளர்ந்தவர் என்பது போதும். 54 சராசரி வைத்திருந்த ஒருவருக்கு 23 வயதில் டெஸ்ட் கதவு சாத்தப்பட்டது, பிறகு திறக்கவே இல்லை. இதை 'அவன் வீணாகிவிட்டான்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம்.

இப்போது என் விருப்பத்துக்குரிய ரோஹித் சர்மாவை எடுத்துக்கொள்வோம். 2012-இல் இலங்கையில் ஐந்து ஒருநாள் போட்டியில் அவர் எடுத்த மொத்த ரன் 13. அறிமுகமாகி அப்போதே ஐந்து வருடம் ஆகியிருந்தது. 'திறமை திறமை என்று எத்தனை நாள் சொல்வீர்கள்' என்று நாடே கேட்டது. ஆனாலும் வாய்ப்பு தொடர்ந்தது. 2013-இல் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினார்கள், 2014-இல் 264 அடித்தார். அந்தப் பொறுமை சரியான பொறுமை என்றே நான் சொல்வேன். என் கேள்வி வேறு. அந்தப் பொறுமை யாருக்குக் கிடைக்கிறது?

மகத்தான ஆட்டக்காரர் என்று நாம் கொண்டாடும் எல்லோரும் பலமுறை தோற்றவர்கள். தோற்ற பிறகும் மறுநாள் மைதானத்துக்குள் விடப்பட்டவர்கள். இந்த நாட்டில் இரண்டாவது வாய்ப்பு என்பது சாதியும் வர்க்கமும் பார்த்துப் பங்கிடப்படும் சொத்து.

இதை நான் புத்தகத்தில் கற்றுக்கொள்ளவில்லை. திண்டுக்கல் சமவெளியில் இருக்கும் என் கிராமத்தில், ஊருக்கும் காலனிக்கும் நடுவே உள்ள புறம்போக்கு நிலம்தான் மைதானம். காலனிப் பையன்கள் பந்து பொறுக்கலாம், போடலாம். பேட்டிங் வரிசை வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் தெருவில் ஓர் இடதுகை வேகப்பந்து வீச்சாளர் இருந்தார், எங்களுக்கெல்லாம் அண்ணன். அவர் போட்டால் எதிரணி நடுங்கும். பொங்கல் போட்டியில் ஊர் அணிக்கு ஆள் குறைந்தபோது அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர் போனது. அன்றைக்கு அவர் வாங்கிய வசவில் பந்துவீச்சைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, எல்லாம் பிறப்பைப் பற்றியது. அடுத்த வருடம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் காலனியிலேயே சொல்வார்கள்: "நல்லாப் போடுவான், ஆனா முன்னுக்கு வரல." நம்மை விலக்கியவர்களின் தீர்ப்பை நம் வாயாலேயே சொல்லப் பழகியிருக்கிறோம்.

இந்த அண்ணனுக்கு ஒரு முன்னோடி உண்டு. பல்வங்கர் பாலூ, தோல் வேலை செய்யும் சமார் சாதியில் பிறந்தவர். திண்டுக்கல்காரர்களுக்குத் தோல் வேலை தெரியும். எங்கள் ஊர்த் தோல் ஷாப் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2012-இல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. கிரிக்கெட் பந்தின் மேலுறையும் தோல்தான். அந்தத் தோலைப் பதனிடும் கை தீட்டு. பதனிட்ட தோல் சிவப்புப் பந்தாகி வந்தால் மட்டும் எல்லோரும் எடுத்து முத்தமிடலாம்!

பாலூ புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு மைதானம் பராமரித்தார். வலையில் மணிக்கணக்காகப் பந்து போட்டார். மட்டையைக் கொடுக்க ஆளில்லை. பிறகு இந்து அணிக்குள் அவர் கை தேவைப்பட்டது, ஆனால் தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே மண்குவளை. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் எடுத்தது 114 விக்கெட். முதல்தரப் போட்டிகளில் மொத்தம் 33 ஆட்டம், 179 விக்கெட். அணித்தலைவர் பதவி மட்டும் முறைப்படி ஒருபோதும் அவருக்குத் தரப்படவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் அது கிடைத்தது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடிய 1932-இல் பாலூவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதனால் இன்றைய ரசிகர் தேடிப் பார்த்தால் டெஸ்ட் கணக்கில் அவர் பெயரே இருக்காது. எண்கள் சாதி பார்க்காது என்கிறார்கள். அந்த எண்களைச் சேர்க்கும் களத்துக்குள் யாரை விட்டோம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது.

அது பழைய கதை என்பவர்களுக்குப் பக்கத்து மாவட்டங்களின் கதை ஒன்று. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாளில் பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கம் பறிக்கப்பட்டது. நாட்டின் தடகள அதிகார வர்க்கம் அவர் பக்கம் நிற்கவில்லை. 2012-இல் அவர் செங்கல் சூளையில் தினக்கூலியாக வேலை பார்ப்பது செய்தியானது. நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைக்கப் பத்து வருடம் ஆனது. பதக்கம் இன்னும் வரவில்லை. 2009-இல் இதே கேள்வியோடு நிறுத்தப்பட்ட காஸ்டர் செமன்யாவை தென்னாப்பிரிக்கா விமான நிலையத்தில் கூட்டமாக வந்து வரவேற்றது, அவருக்காக வாதாடியது. அவர் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கிறார். இருவரில் யாரிடம் ஓட்டம் அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது. யாருக்குப் பின்னால் ஒரு நாடு நின்றது என்று சொல்ல முடியும்.

வந்தனா கட்டாரியாவோ உச்சத்தைத் தொட்டவர். 2021 டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல், ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்ற அன்று, ஹரித்வார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். தோற்றது பதினோரு பேர். பட்டாசு வெடித்தது ஒரு வீட்டு வாசலில்.

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். நண்பன் கடைசி ஆயுதத்தை எடுத்தான்: "அதுக்காக கிரிக்கெட்லயும் கோட்டா கேப்பியா? டீம் நாசமாப் போயிரும்டா."

தெம்பா பவுமாவின் பெயரைச் சொன்னேன். கேப்டவுனின் லாங்கா குடியிருப்பில் பிறந்த கறுப்பர். 2016-இல் முதல் டெஸ்ட் சதம் அடித்தார். இரண்டாவது சதம் 2023-இல். நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் 'கோட்டா ஆள்' என்று ஏசினார்கள். 2025 ஜூனில் லார்ட்ஸில், தொடைத் தசை பிடித்துக்கொண்ட காலோடு ஓடி 66 அடித்து, 27 வருடம் ஐசிசி கோப்பை பார்க்காத நாட்டுக்கு டெஸ்ட் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். அதே நவம்பரில் இந்தியாவுக்கே வந்து 2-0 என்று தொடரை வென்றார். நிறவெறியைச் சரிசெய்ய ஒரு நாடு எடுத்த முடிவு அந்த ஏழு வருடத்தைத் தாங்கியது. அணி நாசமாகவில்லை, ஜெயித்தது.

இங்கே என்ன நிலை? 2018-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வந்த கட்டுரை, அதுவரை இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடிய 289 ஆண்களில் நான்கு பேர் மட்டுமே தலித்துகள் என்றது. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு. அந்த விகிதத்தில் சுமார் 48 பேர் இருந்திருக்க வேண்டும். மீதி 44 பேரும் 'வீணாப்போனவர்களா'?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெட் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை ஜேஆர்எஃப் கிடைத்தபோது பொதுப்பிரிவு வயது வரம்பு எனக்குத் தாண்டியிருந்தது. பட்டியல் சாதியினருக்கான ஐந்து வருடத் தளர்வில்தான் உள்ளே வந்தேன். சலுகை என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. இரண்டு முறை தோற்றவனுக்கு மூன்றாவது முறை எழுத உரிமை தந்தது அது. எங்கள் அண்ணனுக்கு அப்படி ஒரு விதி மைதானத்தில் இருக்கவில்லை.

ஆகவே நம் கேள்விகளைத் தரையிலிருந்து தொடங்குவோம். கிராம ஊராட்சிகளுக்கு அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணப் பெட்டியின் சாவி யார் வீட்டில் இருக்கிறது, காலனிப் பிள்ளைகளுக்கு அது திறக்கிறதா? பொதுப்பணம் வாங்கும் பயிற்சி மையங்களும் விளையாட்டு விடுதிகளும் எந்தச் சமூகத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று வருடாவருடம் வெளியிடத் தயாரா? நத்தத்தில் விளக்கு வெளிச்சத்தில் டிஎன்பிஎல் நடக்கிறது. 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வென்றபோது நானும்தான் கத்தினேன். திண்டுக்கல் பெயரைத் தாங்கிய அணியில் திண்டுக்கல் காலனி ஒன்றிலிருந்து ஒரு பையன் போய்ச் சேரப் பாதை இருக்கிறதா என்று அந்தக் கத்தலோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

அடுத்த முறை யாரையாவது 'வீணாப்போனவன்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அவனுக்கு எத்தனை முறை தோற்க அனுமதி இருந்தது என்று கேளுங்கள், தோழர்களே. டீக்கடையில் நான் கேட்டேன். நண்பன் பதில் சொல்லவில்லை. ஆனால் தலையாட்டவும் இல்லை.