நார்க்கட்டிக்குப் புற்றுநோய்ப் பயம் எதற்கு?

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் நாற்பதைத் தொட்ட ஒரு பெண்ணுக்கு ஸ்கேனில் ‘ஃபைப்ராய்டு’ (கர்ப்பப்பைத் தசையில் வளரும் நார்க்கட்டி) என்று வந்துவிட்டால், வீட்டில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: “வச்சிருந்தா கேன்சரா மாறிரும், எடுத்துப் போட்டுரணும்.” இந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் மிகக் குறைவு. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு நார்க்கட்டி வந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஆய்வில் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. அதே தசையில் வரும் புற்றுநோயான லியோமயோசார்கோமாவோ ஆண்டுக்கு லட்சம் பெண்களில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அதுவும் பெரும்பாலும் நார்க்கட்டி முற்றி வருவதல்ல, தனியாகவே தோன்றுவது.

இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பது உண்மை. ஸ்கேன் உறுதியாகச் சொல்லாது, எம்ஆர்ஐ சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்யும். அறுத்துப் பார்த்தால் நார்க்கட்டி வெளுத்து, கெட்டியாக, நூற்கண்டுபோலச் சுழன்று சுழன்று இருக்கும். சார்கோமா மெத்தென்று, ரத்தம் கசிந்து, இடையிடையே செத்த திசுவோடு கிடக்கும். அப்போதும் முடிவு மைக்ராஸ்கோப்பில்தான்: செல்கள் உருக்குலைந்திருக்கின்றனவா, எத்தனை செல்கள் பிளந்துகொண்டிருக்கின்றன, திசு செத்திருக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்தே நோய்க்குறியியல் மருத்துவர் தீர்மானிக்கிறார்.

“சந்தேகம் இருக்கும்போது எடுத்துவிடுவதே பாதுகாப்பு அல்லவா? முக்கூடலில் பீடி சுற்றும் பெண் மாதாமாதம் கூலியை விட்டுப் பரிசோதனைக்கு வரமுடியுமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உதிரப்போக்கால் ரத்தசோகை வந்து, மருந்தும் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமும் பலிக்காமல், இனிக் குழந்தை வேண்டாம் என்ற நிலையில் கர்ப்பப்பையை எடுப்பது சரியான சிகிச்சைதான். ஆனால் எடுப்பதற்கான காரணம் உதிரப்போக்காக இருக்கவேண்டும். புற்றுநோய் மிரட்டலாக இருக்கக்கூடாது. மிரண்டுபோன பெண் மற்ற வழிகளைக் கேட்கமாட்டார், மாதவிடாய் நின்றதும் கட்டி பெரும்பாலும் சுருங்கும் என்பதை அறியவும் மாட்டார். கர்ப்பப்பை எடுத்த இந்தியப் பெண்களுக்கு அறுவையின்போது இருந்த நடு வயது 34 என்று 2015-16 தேசிய குடும்பநல ஆய்வு காட்டியது. அந்த அறுவைகளில் மூன்றில் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் புகார்கள் தொடர்பான வழக்கில், தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்கவேண்டும் என 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்த அரிய புற்றுநோயை அலட்சியப்படுத்தலாமா? கூடவே கூடாது. போஸ்டனில் மயக்கவியல் மருத்துவர் ஏமி ரீடுக்கு 2013-இல் லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியை இயந்திரத்தால் துண்டுதுண்டாக்கி எடுத்தார்கள்; உள்ளே சார்கோமா இருந்தது பிறகுதான் தெரிந்தது, அவர் 2017-இல் இறந்தார். நார்க்கட்டிக்காக அறுவைக்கு வருவோரில் 350-இல் ஒருவருக்கு மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று 2014-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பின்வந்த கணக்குகள் பல இதைவிடக் குறைவு. மாதவிடாய் நின்றபின் கட்டி வளர்ந்தாலோ உதிரம் பட்டாலோ அன்றே திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அகற்றிய கர்ப்பப்பை எதுவானாலும் பயாப்சிக்குப் போகவேண்டும். தையல் பிரிக்க வரும் நாளில் அந்த ரிப்போர்ட்டைத் தமிழில் வாசித்துச் சொல்லி, நகலைப் பெண்ணின் கையிலேயே கொடுக்கவேண்டும்.