பெயரைக் கேட்கும் காதுகள்

சிறந்த பியானோ இசைத்தட்டு எது? மேற்கத்திய சாஸ்திரீய இசை ரசிகர்கள் இருவர் சந்தித்தால் இந்தச் சர்ச்சையில் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பீத்தோவனின் 32 சொனாட்டாக்களுக்கு மட்டுமே ஏராளமான முழுத் தொகுப்புகள் இருக்கின்றன. ஷ்னாபெலுக்கு ஒரு கட்சி, கெம்ஃபுக்கு ஒரு கட்சி, ப்ரெண்டெலுக்கு இன்னொன்று. குழம்பி நிற்பவர்களுக்கு வழிகாட்டத்தான் லண்டன் 'கிராமபோன்' போன்ற பத்திரிகைகளும் அவற்றின் விமர்சகர்களும். அந்தக் காதுகளுக்கு 2007 பிப்ரவரியில் ஒரு சோதனை வந்தது.

சோதித்தவர் ஜாய்ஸ் ஹாட்டோ. சரியாகச் சொன்னால், அவர் கணவர். 1928-ல் பிறந்த ஹாட்டோ சுமாரான பேர் பெற்ற ஆங்கிலேயப் பியானோ கலைஞர். எழுபதுகளின் மத்தியில் மேடையை விட்டு விலகினார். பல ஆண்டுகள் கழித்து, கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சிறிய கம்பெனியிலிருந்து அவர் பெயரில் சி.டி.க்கள் வரத் தொடங்கின. மொத்தம் நூறுக்கும் மேல். பீத்தோவன், மொசார்ட், ஷோபான், லிஸ்ட், ராக்மனினோவ் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. புற்றுநோயோடு போராடும் மூதாட்டி, வெளியே தலைகாட்டாமல் தன் ஊரிலேயே இருந்துகொண்டு பியானோ இசை முழுவதையும் பதிவு செய்கிறார்! விமர்சகர்கள் உருகிப் போனார்கள். வாழும் மாபெரும் கலைஞர்களில் ஒருவர், ஆனால் உலகம் அறியாதவர் என்று எழுதினார்கள். 2006-ல் அவர் இறந்தபோது இரங்கல் கட்டுரைகளிலும் அதே புகழ்ச்சி.

குட்டை உடைத்தது ஒரு கம்ப்யூட்டர். லிஸ்டின் கடினமான 12 எட்யூட்கள் அடங்கிய ஹாட்டோ சி.டி.யை ஒரு ரசிகர் கம்ப்யூட்டரில் போட்டார். திரையில் வந்த பெயர் லாஸ்லோ சிமோன். ஒவ்வொரு சி.டி.யிலும் எத்தனை உருப்படிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்ற கணக்கை வைத்து தட்டை அடையாளம் காட்டும் தகவல் தளம் அது. தற்செயலான பிழையாக இருக்கலாம் என்று ஒலி அலைகளையே ஒப்பிட்டுப் பார்த்தார் ஆண்ட்ரூ ரோஸ் என்ற ஒலிப்பதிவு நிபுணர். அச்சு அசலாக ஒத்துப்போயின. சிமோன் ஸ்வீடனின் பிஸ் கம்பெனிக்காக வாசித்தது அது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. சிலவற்றில் அடையாளம் தெரியாமலிருக்க வேகத்தைக்கூட மாற்றியிருந்தார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவேயில் ஷோபானின் மஸூர்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த நிக்கலஸ் குக்கும் க்ரெய்க் சாப்பும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார்கள்: ஹாட்டோவின் மஸூர்காக்கள் யூஜின் இன்ஜிச் வாசித்தவை.

இசைக்குழுவோடு வாசித்த தட்டுகளில் கற்பனை இன்னும் தாராளம். ரெனே கோலர் என்று ஒரு கண்டக்டர். நாஜி கொடுமைக்குத் தப்பியவர் என்று சோகமான வாழ்க்கை வரலாறு வேறு. அப்படி ஒரு மனிதரே கிடையாது. ராக்மனினோவ் கான்செர்ட்டோக்களை உண்மையில் வாசித்தவர் யெஃபிம் ப்ரான்ஃப்மன், நடத்தியவர் எசா-பெக்கா சலோனென். இதில்தான் விமர்சகர்களுக்குப் பெரிய அடி. ப்ரான்ஃப்மன் பெயரில் கேட்டபோது குறைசொன்ன அதே விமர்சகர், ஹாட்டோ பெயரில் கேட்டபோது சொக்கிப் போயிருந்தார்.

கணவர் கடைசியில் பிஸ் கம்பெனி அதிபர் ராபர்ட் ஃபான் பாருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வலியில் மனைவி முனகிய இடங்களை மறைக்க முதலில் சிறு துண்டுகளைத்தான் ஒட்டினாராம். பிறகு துண்டுகள் நீண்டுகொண்டே போயின. மனைவிக்கு எதுவும் தெரியாது. 1966-ல் வரி ஏய்ப்புக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர் சொல்லும் கதை இது. நம்புவதும் நம்பாததும் கேட்பவர் பாடு. ஃபான் பார் வழக்குப் போடவில்லை. பாரிங்டன்-கூப் 2014-ல் இறந்தார்.

விமர்சகர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் அவர்கள் மோசமான வாசிப்பைப் புகழவில்லை. திருடப்பட்டவை நல்ல வாசிப்புகள். அநியாயம் வேறு இடத்தில். சிமோனும் இன்ஜிச்சும் சொந்தப் பெயரில் இதே வாசிப்பை வெளியிட்டபோது, ஹாட்டோவுக்குக் கிடைத்த வரவேற்பில் கால்பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நோயும் தனிமையும் கலந்த கதை ஒட்டியதும்தான் அதே ஸ்வரங்கள் பொன்னாயின.

தட்டு தேர்ந்தெடுப்பவர்களுக்கு இதில் உபயோகமான செய்தி உண்டு. ஒரே உருப்படியை, இரண்டு மூன்று நிமிடப் பகுதியை மட்டும், நான்கைந்து பேர் வாசிப்பில் அடுத்தடுத்துக் கேட்கலாம். யார் வாசித்தது என்பதை மறைத்து இன்னொருவர் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. இணையத்தில் இப்போது இதற்குப் பெரிய செலவில்லை. தப்பு ஸ்வரங்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை; 1932 முதல் 1935 வரை லண்டனில் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்த ஷ்னாபெல் அவற்றைத் தாராளமாகவே சிந்தியிருக்கிறார். இரைச்சலும் உண்டு. ஆனாலும் மெதுவான பகுதிகளில் அவர் தாங்கிப் பிடிக்கும் அந்த நிதானத்துக்காகவே பலர் இன்றும் அவரிடம் திரும்பிப் போகிறார்கள்.

ஹாட்டோ பெயரில் வந்த லிஸ்டை ரசித்துவிட்டு ஏமாந்தோமே என்று வருந்தியவர்கள் அந்த இசையை இழக்க வேண்டியதில்லை. லாஸ்லோ சிமோன் என்று தேட வேண்டும், அவ்வளவுதான்.