வேட்டைக்கு ஒரு பழைய பிக்கப் டிரக்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செப்டம்பர் பிறந்தால் வேட்டை சீசன் களைகட்டிவிடும். லைசென்ஸ் வாங்கி, குறித்த நாட்களில், குறித்த பகுதியில் மட்டும் சுடலாம். மான்தான் முக்கியம். அதிலும் எல்க் என்கிற பெரிய ஜாதி மான் என்றால் தனி மவுசு. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோ வரும். அதைத் தேடிக் காட்டுக்குள் போக வண்டி வேண்டும். புது டிரக் விலைக்குக் கட்டுப்படியாகாதவர்கள் 2011-க்கு முந்தைய ஃபோர்ட் ரேஞ்சர், அதே வயசு டொயோட்டா டகோமா என்று ஏதாவது ஒரு பழைய பிக்கப்பை வாங்கிப் போடுவார்கள். ஃபோர் வீல் டிரைவ் இருந்தால் போதும்.

இதுவரைக்கும் சரி. கூத்து இதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே லிஃப்ட் கிட் ஆர்டர் போகும். அப்புறம் 33 அங்குல டயர். கூரை மேல் வரிசையாக லைட். முன்னால் ஒரு இரும்பு பம்பர். பார்ப்பதற்கு பந்தாவாகத்தான் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கையில் இருந்த காசு முழுக்க இதிலேயே தீர்ந்துவிடும். காட்டில் மாட்டிக்கொண்டால் வெளியே வர உதவும் சாமான் ஒன்றுகூட வண்டியில் இருக்காது. தலைகீழான வரிசை இது.

லிஃப்ட் கிட் என்ன செய்கிறது? பாடியைத் தூக்குகிறது. ஆனால் பாறையில் முதலில் இடிப்பது பாடி அல்ல, ஆக்சிலின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல். அதை லிஃப்ட் கிட் ஒரு அங்குலம்கூட உயர்த்தாது. பெரிய டயர்தான் உயர்த்தும், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி. 29 அங்குல டயரை 33 ஆக்கினால் கிடைப்பது 2 அங்குலம். அம்புட்டுதான். பதிலுக்கு வண்டியின் எடை மேலே ஏறிவிடுகிறது. மலைச்சரிவில் ஒரு பக்கம் சாய்ந்து போகும்போது முன்பு தாங்கிய சரிவில் இப்போது கவிழலாம்.

கணக்கு இன்னும் இருக்கிறது. ஆக்சில் கியர் விகிதம் 3.73 உள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் மாட்டினால் அது 3.28 மாதிரி நடந்துகொள்ளும். ஏற்கெனவே வயசான எஞ்சின் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 68-இல் ஓடிக்கொண்டிருக்கும். சரிசெய்ய முன்னும் பின்னும் கியரை மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. ஸ்டெப்னி கதை அதைவிட வேடிக்கை. நாலு பெரிய டயர் வாங்குபவர் ஐந்தாவதற்குக் காசு இல்லாமல் பழைய சின்ன ஸ்டெப்னியையே கீழே தொங்கவிட்டிருப்பார். கூர்மையான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் பஞ்சர் ஒட்டுவது நடக்காத காரியம். சின்ன ஸ்டெப்னியை மாட்டி ஃபோர் வீல் டிரைவில் ஓட்டினால் கியர்களுக்குக் கேடு.

பழைய பிக்கப் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது ஒரு சுத்தியலோடு கீழே படுப்பது. சேஸிஸை வரிசையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே துரு. பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் இரண்டு முறை தட்டலாம். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. சில வருட மாடல் டகோமா, டண்ட்ரா, செக்கோயா வண்டிகளின் சேஸிஸ் துரு தொடர்பான வழக்கில் 2016-இல் டொயோட்டா சமரசம் செய்துகொண்டது. சுமார் 15 லட்சம் வண்டிகள், மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று செய்தி வந்தது. துருப்பிடித்த சேஸிஸில் எதை மாட்டி என்ன?

அடுத்தது, காசே செலவாகாத மாற்றம்: டயரில் காற்றைக் குறைப்பது. தார் ரோட்டில் 35 பவுண்டு இருந்த காற்றைக் காட்டுப் பாதையில் 20-க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து பிடிக்கும், குலுக்கலும் குறையும். திரும்ப ஏற்ற ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். இன்னும் காசு இருந்தால் பின் ஆக்சிலுக்கு ஒரு லாக்கர் போடலாம். சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள ஃபோர் வீல் டிரைவில் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் பிடிப்பை இழந்தால், அந்த இரண்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. லாக்கர் இருந்தால் பின்சக்கரம் இரண்டும் சேர்ந்தே சுற்றும். உருப்படியான செலவு என்றால் இதுதான்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சேற்றில் புதைந்த வண்டியை இன்னொரு வண்டி இழுக்கும்போது பெல்ட்டை எங்கே மாட்டுவது? பலர் டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டுவார்கள். அது சீரான இழுவைக்குச் செய்தது, திடீர் வெட்டு இழுவைக்கு அல்ல. உடைந்தால் இரும்புக் குண்டு பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை குறித்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, அதற்கேற்ற ஷேக்கிள், நல்ல பெல்ட். இழுக்கும்போது மற்றவர்கள் பெல்ட்டின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். மொத்தச் செலவு லிஃப்ட் கிட் விலையில் ஒரு பகுதிகூட வராது. ஆனால் போட்டோவில் தெரியாதே!

கூடவே மண்வெட்டி, ரம்பம் (காலையில் போன பாதையில் மாலையில் மரம் விழுந்து கிடக்கும்), தண்ணீர், சாப்பாடு, கம்பளி. 2006 நவம்பரில் ஒரேகன் மாநிலத்தில் காரில் போன ஒரு குடும்பம், வேட்டைக்குப் போனவர்கள்கூட இல்லை, வழி தவறிக் காட்டு ரோட்டில் ஏறிப் பனியில் மாட்டிக்கொண்டது. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தாயும் இரண்டு குழந்தைகளும் காரிலிருந்து மீட்கப்பட்டார்கள். உதவி தேடி நடந்து போன கணவர் குளிரில் இறந்தார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி: இந்த டிரக் எவ்வளவு தூரம்தான் போக வேண்டும்? அரசுக் காடுகளில் எந்த ரோட்டில் வண்டி போகலாம் என்பதற்கு வனத்துறை 2005-இல் விதி கொண்டுவந்து வரைபடம் போடுகிறது. இலவசம். அதில் இல்லாத பாதையில் வண்டியை விட்டால் அபராதம். 1964 சட்டப்படி 'வில்டர்னஸ்' என்று அறிவித்த இடங்களில் மோட்டார் வண்டிக்கே அனுமதி இல்லை. அதற்கும் 40 வருடம் முன்னால், 1924-இல், நியூ மெக்சிகோவின் கீலா காட்டில் ஒரு பெரும்பகுதியை ரோடு போடாமல் காக்க வைத்தவர் ஆல்டோ லியோபோல்ட். வனத்துறை அதிகாரி, தீவிர வேட்டைக்காரரும்கூட! வேட்டைக்காரர்கள் சாமான் சாமானாகச் சுமந்து திரிவதை அவர் அப்போதே கிண்டலடித்து எழுதியிருக்கிறார்.

சட்டத்தை விடுங்கள், எல்க் என்ன நினைக்கிறது? ஒரேகனின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் பல வருடம் கவனித்ததில், வண்டி ஓடும் ரோடுகளிலிருந்து எல்க் விலகியே போகிறது என்று தெரிந்தது. ஆக, எந்த உயர டிரக்காக இருந்தாலும் ரோடு முடியும் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

சுட்டது கிடைத்தால் அப்புறம் பாரம். எலும்பு நீக்கிய கறியே 100 கிலோ பக்கம் வரும். சின்ன பிக்கப் தாங்குவது ஆட்களையும் சேர்த்து 500-600 கிலோ. இரும்பு பம்பரும் வின்ச்சும் அதில் பங்கு கேட்கும். கறிப்பெட்டியை முன்பக்கமாகத் தள்ளிக் கட்டி, மெதுவாக இறங்கி, தார் ரோடு வந்ததும் நாலு டயருக்கும் காற்று ஏற்ற வேண்டும். சின்ன கம்ப்ரசரில் அரைமணி நேரம் பிடிக்கும். அதற்குள் பெட்டியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, கறி மேல் இன்னொரு பை ஐஸ் கொட்டிவிடலாம்.