ஆண்ட்ரோமெடாவுக்கும் ஒரு ஃபோல்டர் போடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் தர்மபுரியில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "கேம்ஸ் தவிர பிள்ளைகள் இதில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். என் பதில் அவர்களுக்குச் சற்று விசித்திரமாக இருக்கும். நோவா தேடச் சொல்வேன்.

நோவா என்பது என்ன? வெள்ளைக் குள்ளன் என்னும் ஆயுள் முடிந்த நட்சத்திரம், தன் துணை நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்து மேலே போர்த்திக் கொள்கிறது. அளவு மிஞ்சியதும் அந்தப் போர்வை ஹைட்ரஜன் குண்டு போல வெடிக்கிறது. நட்சத்திரம் அழிவதில்லை, மறுபடியும் இழுக்க ஆரம்பித்துவிடும்.

25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ள பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவில் ஆண்டுக்கு எத்தனை நோவா வெடிக்கிறது? 1950களில் ஹால்ட்டன் ஆர்ப் என்ற அமெரிக்க விஞ்ஞானி போட்ட கணக்கு 26. 2006ல் வெளியான ஆய்வு சொன்னது சுமார் 65. கேலக்ஸி மாறவில்லை, பார்த்த விதம்தான் மாறியது.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். 2008 டிசம்பரில் ஜப்பானிய அமெச்சூர்கள் இருவர் அங்கே ஒரு நோவாவைக் கண்டார்கள். அது ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் வெடிக்கிறது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. பிறகு பழைய செயற்கைக்கோள் பதிவுகளைத் தோண்டியபோது 1992, 1993, 2001 வெடிப்புகளும் அகப்பட்டன. டேட்டா அத்தனை காலமும் இருந்தது; பார்க்கத்தான் ஆள் இல்லை! இத்தனைக்கும் அந்த வெள்ளைக் குள்ளனின் எடை, நம் சந்திரசேகர் கணக்கிட்ட எல்லையை நெருங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது. அதாவது சூப்பர்நோவாவாக வெடிக்கக் கூடிய ஆசாமி.

இது இரண்டு மூன்று நாட்களிலேயே மங்கிவிடும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது வெடித்தால், இரவில் இருக்கும் நாம்தான் பார்க்க வேண்டும். அரூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி உண்டு. ஆனால் ஆண்ட்ரோமெடா முன்னிரவில் தலைக்கு மேலே வரும் நவம்பரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மேகத்துக்கு எந்த லென்ஸும் பதில் இல்லை. லடாக்கின் ஹான்லேயில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே 2018 முதல் 70 செ.மீ. குரோத்-இந்தியா தொலைநோக்கி தானாகவே இயங்கி இத்தகைய வெடிப்புகளைத் துரத்துகிறது.

சரி, மழைக்காலத்தில் நாம் என்ன செய்வது? இங்குதான் உங்கள் கம்ப்யூட்டர் வருகிறது. அமெரிக்காவின் பாலோமர் மலையில் 2018ல் தொடங்கிய இசட்.டி.எஃப். சர்வே எடுத்த வானப் படங்கள், சில மாதங்கள் தாமதமாக இலவசமாகவே கிடைக்கின்றன. முழுப் படம் வேண்டாம்; ஆண்ட்ரோமெடாவின் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டி, இரண்டு வெவ்வேறு தேதிகளுக்கு டவுன்லோட் செய்யுங்கள். ஃபில்டர் ஒன்றாகவே இருக்கட்டும். இவை ஃபிட்ஸ் வகை ஃபைல்கள், பெயின்டில் திறக்காது. டி.எஸ்.9 என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, இரு படங்களையும் தனித்தனி ஃபிரேமில் திறந்து, மேட்ச் வசதியால் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தி, பிளிங்க் கொடுங்கள். படங்கள் மாறி மாறித் தெரியும். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத புள்ளி கண் சிமிட்டும்.

இதையெல்லாம் புரோகிராமே செய்து விடுகிறதே என்று சிலர் மடக்குவார்கள். உண்மைதான், முதலில் அலாரம் அடிப்பது அதுதான். ஆனால் உங்கள் பெண் எட்டாம் வகுப்பில் ஒரு வெடிப்பைத் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை எந்தப் புரோகிராமும் தராது. நம் மாவட்டப் பள்ளிகளின் கம்ப்யூட்டர் அறைகளில் டைப்பிங்கும் பவர்பாயின்டும் சொல்லித் தருவதோடு, இதற்கும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன? டி.எஸ்.9 விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். செலவு, இன்டர்நெட் இணைப்பு மட்டுமே.

ஒரு எச்சரிக்கை. சிமிட்டுவதெல்லாம் நோவா அல்ல. கேமரா சிப்பின் கோளாறாக இருக்கலாம். மாதக்கணக்கில் மெதுவாக ஒளி கூடிக் குறையும் சாதாரண நட்சத்திரமாகவும் இருக்கலாம். அதனால் மூன்றாவதாக இன்னொரு தேதியின் படத்தையும், ஓராண்டுக்கு முந்தைய படம் ஒன்றையும் அதே ஃபோல்டரில் சேமித்து வையுங்கள். ஃபைல் பெயரில் தேதியைப் போட மறக்காதீர்கள்.